எரிமலை சேமித்து வைத்த தண்ணீர்

அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் ஒரிகன் மாநிலத்தில், அக்டோபர் மாதம் மலைச்சாலைகளில் கார்கள் வரிசைகட்டும். இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்க வரும் கூட்டம் அது. மூன்று, நான்கு மணி நேரத்தில் சுற்றிவிடக்கூடிய ஒரு வழித்தடத்தில் பனிமூடிய எரிமலைகள், கரிய குழம்புப் பாறை வெளிகள், வானளாவிய மரங்கள், அருவிகள் எல்லாமே அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. கேமராவோடு போகிறவர்களுக்கு அது போதும். நாம் ஒரு கேள்வியையும் எடுத்துக்கொண்டு போவோம்.

ஒரிகனில் மழைக்காலம் என்பது குளிர்காலம்தான். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மழை பெய்வது அரிது. மலை மேலிருந்த பனியில் பெரும்பகுதி ஜூலைக்குள் உருகி முடிந்துவிடும். செப்டம்பர் கடைசியில் சுற்றுவட்டாரத்து ஓடைகள் பல நூல்போல மெலிந்துவிடுகின்றன. ஆனால் இதே மலையில் பிறக்கும் மெக்கன்ஸி ஆறு மட்டும் அக்டோபரிலும் பேரிரைச்சலோடு பாறையிலிருந்து குதிக்கிறது. மழையும் இல்லை, பனியும் இல்லை. அப்படியென்றால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

விடை அந்தச் சாலை நெடுகிலும் கிடக்கிறது. அதைப் பொறுக்கிக்கொண்டே போகலாம்.

மழை எட்டாத பக்கம்

பயணம் தொடங்குவது சிஸ்டர்ஸ் என்ற சிற்றூரில். ஊருக்குத் தென்மேற்கே அடுத்தடுத்து நிற்கும் மூன்று எரிமலைகளுக்கு ‘மூன்று சகோதரிகள்’ என்று பெயர். அவற்றின் பெயரைத்தான் ஊரும் சூடிக்கொண்டது. இங்கிருந்து மேற்கே மெக்கன்ஸி கணவாயில் ஏறி, மறுபக்கம் இறங்கி, ஆற்றை ஒட்டி வடக்கே போய், சாண்டியாம் கணவாய் வழியாக மீண்டும் சிஸ்டர்ஸுக்கே வந்து சேரும் வட்டப் பாதை இது. மொத்தம் சுமார் 132 கிலோமீட்டர்.

முதல் கணவாயைக் கடக்கும் 242ஆம் எண் சாலை குறுகலானது. கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்தது. 35 அடிக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. நவம்பர் வாக்கில் பனி மூடிவிட்டால் ஜூன் மாதம்தான் மறுபடி திறப்பார்கள். ஆகவே இலையுதிர் காலம் என்பது இந்தச் சாலைக்கு ஆண்டின் கடைசி வாரங்கள்.

ஊரைத் தாண்டியதும் பாண்டரோசா பைன் மரங்கள் தொடங்குகின்றன. செம்மஞ்சள் பட்டை, ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் மரங்கள், நடுவில் காய்ந்த புல். வண்டியை நிறுத்தி, வெயில் பட்ட ஒரு முதிய மரத்தின் பட்டை வெடிப்பில் மூக்கை வைத்து முகர்ந்து பார்க்க வேண்டும். வெனிலா மணம் வரும். அந்தத் தடித்த பட்டை, கீழே ஊர்ந்து போகும் தீயைத் தாங்குவதற்கான கவசம். இது வறண்ட நிலத்தின் மரம்.

சிஸ்டர்ஸில் ஆண்டுக்குப் பெய்யும் மழை சுமார் 350 மில்லிமீட்டர். மலையின் மறுபக்கத்தில் அதைப்போல நான்கைந்து மடங்கு பெய்கிறது. பசிபிக் பெருங்கடலிலிருந்து ஈரக்காற்று கிழக்கு நோக்கி வருகிறது. கேஸ்கேட் மலைத்தொடரில் மோதி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, சுமந்து வந்த நீரை மேற்குச் சரிவிலும் முகட்டிலும் மழையாகவும் பனியாகவும் கொட்டிவிடுகிறது. முகட்டைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது காற்றில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். நாம் மழை மறைவுப் பகுதியிலிருந்து மழை கொட்டும் பக்கத்துக்கு ஏறிக்கொண்டிருக்கிறோம்.

கறுப்புக் கல் வெளி

ஏற்றம் முடியும் இடத்தில் காடு சட்டென்று நின்றுவிடுகிறது. 1,623 மீட்டர் உயரத்தில், கண்ணுக்கெட்டிய தூரம்வரை கறுப்புக் கற்கள். உழுது போட்ட கரிசல் வயலில் மண்கட்டிகள் ஒவ்வொன்றும் ஆளுயரத்துக்கு வளர்ந்துவிட்டதுபோல இருக்கும். சுமார் 170 சதுர கிலோமீட்டர் பரப்பில் உறைந்து கிடக்கும் எரிமலைக் குழம்பு இது. பெல்நேப், யாப்போவா முதலிய எரிமலை வாய்களிலிருந்து கடந்த மூவாயிரம் ஆண்டுகளுக்குள் வழிந்தது. கடைசியாக வழிந்து சுமார் 1,500 ஆண்டுகள்தான் ஆகின்றன. மண் சேரவே நேரம் கிடைக்காத நிலம். அங்கங்கே விரிசலில் வேர்விட்ட ஒரு குட்டை மரம் மட்டும் முறுகி நிற்கிறது.

இந்தக் கல்வெளியின் நடுவே, அதே கற்களால் கட்டிய ஒரு சிறு கோட்டைபோன்ற பார்வை மேடை உண்டு. பெயர் டீ ரைட் பார்வையகம். 1930களின் பெரும் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த இளைஞர்களுக்காக அமெரிக்க அரசு நடத்திய பணிப்படை கட்டியது, 1935இல் முடிந்தது. கட்டுமானத்தை முன்னின்று நடத்திய டீ ரைட், முடிவதற்கு முன்பே இறந்துபோனார். உள்ளே சுவரில் சிறு சிறு சாளரங்கள். ஒவ்வொன்றிலும் கண் வைத்தால் ஒரு சிகரம் மட்டும் தெரியும்படி வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பாதையை முதலில் வெட்டியவர்களுக்கு இந்தக் கல்வெளி பெரும் சோதனையாக இருந்தது. ஜான் கிரேக் என்பவர் 1870களின் தொடக்கத்தில் குழம்புப் பாறையின் குறுக்கே வண்டிப்பாதை போட்டுச் சுங்கம் வசூலித்தார். 1877ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் தபால் பையைச் சுமந்துகொண்டு பனியில் கணவாயைக் கடக்கப் போனவர், வழியில் இருந்த தம் குடிலிலேயே உயிரிழந்தார். அவர் கல்லறை இந்தச் சாலையோரத்தில்தான் இருக்கிறது. 1964இல் நிலவுப் பயணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த விண்வெளி வீரர்கள் இந்த வட்டாரத்துக்கு வந்து பயிற்சி எடுத்தார்கள். பின்னாளில் அப்போலோ 7 கலத்தில் பறந்த வால்டர் கன்னிங்ஹாம், விண்வெளி உடையை மாட்டிக்கொண்டு இந்தக் கற்களின் மேல் நடந்து பார்த்தார்.

நம் கேள்விக்கான முதல் தடயம் இங்கே இருக்கிறது. ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். பார்வைக்கு இருக்கும் எடை கையில் இருக்காது. உடலெங்கும் துளைகள். குழம்பாக இருந்தபோது உள்ளே கரைந்திருந்த வாயு, மேலே வந்ததும் குமிழிகளாகப் பொங்கியது. குமிழி வெளியேறும் முன் கல் உறைந்துவிட்டது.

குழம்பு ஓடிய விதத்தையும் பார்க்க வேண்டும். காய்ச்சிய பாலின்மேல் ஆடை படிவதுபோல, ஓடும் குழம்பின் மேற்பரப்பு முதலில் ஆறிக் கெட்டியாகிறது. உள்ளே இருப்பது இன்னும் நகர்ந்துகொண்டே இருப்பதால் அந்த ஓடு நொறுங்கிச் சல்லியாகிறது. நகரும் முனையில் அந்தச் சல்லி சரிந்து விழ, அதன்மேலேயே குழம்பு ஏறி ஓடுகிறது. அதனால் மேலே ஒரு சல்லி அடுக்கு, கீழே ஒரு சல்லி அடுக்கு, நடுவில் கெட்டியான பாறை. நடுப்பாறையும் ஆறும்போது சுருங்கி, வற்றிய ஏரியின் களிமண்போலப் பிளவுபடுகிறது. இப்படி ஒன்றின்மேல் ஒன்றாகப் பல ஓட்டங்கள் படிந்தால் என்ன கிடைக்கும்? பல நூறு மீட்டர் ஆழத்துக்குத் துளையும் பிளவும் சல்லியுமான ஒரு மலை.

இத்தனை பெரிய வெளியில், முகட்டில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழையும் பனியும் விழுந்தும், கணவாயில் நின்று பார்த்தால் ஓர் ஓடைகூடக் கண்ணில் படாது. இதைக் குறித்து வைத்துக்கொள்வோம்.

ஆழத்தில் கசியும் நீர்

இந்த எரிமலைகள் ஏன் இங்கே வரிசையாக நிற்கின்றன? கலிபோர்னியாவின் வடபகுதியிலிருந்து கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவரை நீளும் இந்த வரிசைக்குக் காரணம் கடலுக்கு அடியில் இருக்கிறது. ஹுவான் டி ஃபூக்கா என்ற சிறிய புவித்தட்டு, வட அமெரிக்கத் தட்டுக்கு அடியில் ஆண்டுக்கு 3, 4 சென்டிமீட்டர் நுழைந்துகொண்டிருக்கிறது. நம் விரல்நகம் வளரும் வேகம் அது.

உள்ளே நுழையும் தட்டு சூடேறி உருகுவதால் குழம்பு உண்டாகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் நடப்பது வேறு. கடலடியில் பல லட்சம் ஆண்டுகள் கிடந்த அந்தத் தட்டின் கனிமங்களில் நீர் பிணைந்திருக்கிறது. சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தில், அழுத்தமும் வெப்பமும் அந்த நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. அது மேலே இருக்கும் சூடான பாறைக்குள் கசிகிறது. ஐஸ்கட்டியில் உப்பைப் போட்டால் அது உருகும் வெப்பநிலை குறைவதுபோல, நீர் கலந்த பாறை தன் வழக்கமான உருகுநிலைக்கு முன்பே உருகத் தொடங்குகிறது. அந்த உருகல்தான் மேலேறி எரிமலையாகிறது. எரிமலைகளைப் பிறப்பித்ததே நீர். பிறகு அந்த எரிமலைகள் நீரைச் சேமிக்கின்றன.

கணவாயிலிருந்து தெற்கே தெரியும் சகோதரிகள் மூன்றும் 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்தவை. குடியேறிகள் அவற்றை விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று அழைத்தார்கள். வடக்கே நிற்பவள் மூத்தவள். பனியாறுகள் அரித்து அரித்து எலும்பு தெரிய நிற்கிறாள். தெற்கே நிற்பவள் இளையவள். 3,157 மீட்டர் உயரத்தோடு மூவரில் பெரியவளும் அவளே. அவள் கடைசியாக வெடித்தது சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன். 2001இல் செயற்கைக்கோள் ரேடார் படங்களை ஒப்பிட்ட அமெரிக்க புவியியல் ஆய்வுத் துறையினர், அவளுக்கு மேற்கே சில கிலோமீட்டர் தள்ளி நிலம் மெல்ல உப்பிக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய அந்த எழுச்சி, வேகம் குறைந்தாலும், இதுவரை சுமார் 30 சென்டிமீட்டரை எட்டியிருக்கிறது. ஆழத்தில் குழம்பு சேர்வதே காரணம் என்று கருதுகிறார்கள். மலை இன்னும் கட்டப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

சிவப்பு எதற்கு?

முகட்டைத் தாண்டி மேற்கே இறங்கத் தொடங்கியதும் காடு மாறிவிடுகிறது. டக்ளஸ் ஃபிர், ஹெம்லாக், சிவப்பு சீடர் எல்லாம் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். எல்லாமே ஊசியிலை மரங்கள். ஆண்டு முழுதும் பச்சை. அந்தப் பச்சைக்குள் திடீர் திடீரென்று தீப்பற்றியதுபோலச் சிவப்பும் ஆரஞ்சும் மஞ்சளும் தெரிகின்றன. வைன் மேப்பிள் என்ற குறுமரம் அது.

உலகின் மிதவெப்பக் காடுகள் பலவற்றில் இலையுதிர்க்கும் மரங்களே ஆட்சி செய்கின்றன. இங்கே மட்டும் ஏன் ஊசியிலை மரங்கள்? 1979இல் ரிச்சர்ட் வேரிங், ஜெரி ஃபிராங்க்ளின் என்ற இரு விஞ்ஞானிகள் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். இலையுதிர் மரம் வளரும் பருவம் கோடை. இங்கே கோடைதான் வறட்சி. இந்த ஊசியிலை மரங்களோ இலையை மொத்தமாக உதிர்ப்பதில்லை; கடும் குளிர் இல்லாத, ஈரம் நிறைந்த மற்ற மாதங்களிலும் உணவு தயாரித்துக்கொள்கின்றன. ஆகவே வெற்றி அவற்றுக்கு. மேப்பிளுக்குக் கிடைத்தது ஓரங்கள்: குழம்புப் பாறையின் விளிம்பு, பனிச்சரிவு துடைத்துப்போட்ட பாதை, பெரிய மரம் விழுந்த வெட்டவெளி. மழை எப்போது பெய்கிறது என்பதே இந்தக் காட்டின் நிறங்களை முடிவு செய்திருக்கிறது.

கீழே கிடக்கும் ஒரு மேப்பிள் இலையை எடுத்துக்கொள்ளுங்கள். விரித்த உள்ளங்கைபோல ஏழு முதல் பதினொரு மடல்கள். ஒரு பாதி கருஞ்சிவப்பு, மறுபாதி வெளிர்மஞ்சள். இரண்டுக்கும் நடுவே கத்தரித்ததுபோல ஒரு கோடு. மேலே இருந்த இன்னோர் இலையின் நிழல் விழுந்த இடம் மஞ்சள். வெயில் பட்ட இடம் சிவப்பு.

மஞ்சளும் சிவப்பும் வரும் வழிகள் வேறு. மஞ்சள் நிறமிகளான கரோட்டினாய்டுகள் கோடை முழுவதும் இலைக்குள்ளேயே இருந்தவை. பச்சையத்தின் ஆதிக்கத்தில் அவை தெரியவில்லை. பகல் குறையும்போது மரம் பச்சையத்தைச் சிதைக்கத் தொடங்க, மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. சிவப்பு தரும் ஆந்தோசயனின் அப்படி ஏற்கெனவே இருந்ததல்ல. உதிரப்போகும் இலை, தன் கடைசி நாட்களில், சர்க்கரையைச் செலவழித்துப் புதிதாகத் தயாரிப்பது. சாகப்போகும் இலைக்கு இந்தச் செலவு எதற்கு?

இலைக்குள் நைட்ரஜன் இருக்கிறது. மரத்துக்கு அது எளிதில் கிடைக்காத சொத்து. இலை விழுவதற்குள் அதைக் கிளைக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் பச்சையம் குலைந்துகொண்டிருப்பதால், விழும் வெயிலைப் பயன்படுத்த வழியில்லை. வீணாகும் ஒளியாற்றல் செல்லைச் சிதைக்கும். ஆந்தோசயனின் ஒரு திரைபோல நின்று அந்த ஒளியைத் தடுக்கிறது. சொத்தை மீட்கும் வேலை தடையில்லாமல் நடக்கிறது. இது ஒரு கருத்து. பரிணாம உயிரியலாளர் வில்லியம் ஹாமில்டன், சாம் பிரவுனுடன் சேர்ந்து எழுதி 2001இல் வெளியான இன்னொரு கருத்து, பளிச்சென்ற நிறம் அசுவினிப் பூச்சிகளுக்கு மரம் விடுக்கும் எச்சரிக்கை என்கிறது. விவாதம் முடியவில்லை. ஆனால் கையில் இருக்கும் இலை, நிழலில் மஞ்சளாகவும் வெயிலில் சிவப்பாகவும் இருக்கிறது. வைன் மேப்பிளைப் பொறுத்தவரை அது திரைக் கருத்தின் பக்கமே சாட்சி சொல்கிறது. திறந்த குழம்புப் பாறைமேல் நிற்கும் மேப்பிள்கள் செக்கச் சிவந்திருப்பதும், ஃபிர் மர நிழலில் நிற்பவை இளமஞ்சளோடு நின்றுவிடுவதும் அதனால்தான்.

ஓடை தொலைந்த இடம்

வளைவுகள் முடிந்து சாலை சமமாகும் இடத்தில் பிராக்ஸி அருவி. குழம்புப் பாறையின் குறுக்கே நடந்து போனால் இரண்டு அருவிகள். கீழருவி சுமார் 69 மீட்டர் உயரத்திலிருந்து பாசி படிந்த பாறைமேல் மெல்லிய சேலைத் துணிபோல விரிந்து விழுகிறது. பனியுகத்தில் பெரிய பனியாறு முதன்மைப் பள்ளத்தாக்கை ஆழமாகத் தோண்டிவிட்டது. பக்கத்து ஓடையால் அந்த ஆழத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல், அது சுவரில் தொங்கிக்கொண்டு நிற்கிறது.

பார்க்க வேண்டியது மேலருவி. அது ஒரு சிறு குட்டையில் விழுகிறது. குட்டையைச் சுற்றி நடந்து பாருங்கள். நீர் உள்ளே வருகிறது. வெளியே போகும் வாய்க்கால் எங்கும் இல்லை. குட்டை நிரம்பி வழிவதும் இல்லை. அத்தனை தண்ணீரும் அடியில் இருக்கும் குழம்புப் பாறைக்குள் இறங்கிவிடுகிறது. பக்கத்தில் ஓடும் ஒரு நீரோட்டத்துக்குத் ‘தொலைந்த ஓடை’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கணவாயில் ஏன் ஓடையே இல்லை என்பதற்கான பதில் இங்கே கண்முன்னால் நடக்கிறது. நிலம் தண்ணீரைக் குடித்துவிடுகிறது.

குடித்த தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்க, 126ஆம் எண் சாலையில் ஆற்றை எதிர்த்து வடக்கே போக வேண்டும்.

முதலில் வருவது டமோலிச் குளம். சாலையிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். இதற்கு மேலே மெக்கன்ஸியின் நீர் 1960களிலிருந்து ஓர் அணையில் மறிக்கப்பட்டு, சுரங்கக் குழாய் வழியாக மின்உற்பத்திக்குத் திருப்பப்படுகிறது. கசிந்து வருவதும் குழம்புக் கற்களுக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் சில கிலோமீட்டருக்கு ஆற்றுப்படுகை காய்ந்து கிடக்கிறது. காய்ந்த படுகையைப் பார்த்துக்கொண்டே நடந்தால், திடீரென்று கீழே ஒரு நீலக்குளம். அடியிலிருந்து ஆறு மறுபடி எழுகிறது. பழங்குடிகளும் வணிகர்களும் பேசிய சினூக் கலப்புமொழியில் டமோலிச் என்றால் வாளி.

அந்த நீலம் சாயமும் அல்ல, வானத்தின் பிம்பம் மட்டும் அல்ல. நீர் மூலக்கூறுகள் ஒளியில் சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குகின்றன. மண்ணும் பாசியும் கலந்த நீரில் அது தெரியாது. பாறைக்குள் வடிகட்டப்பட்டு வந்த நீரில் தடையே இல்லாமல் தெரிகிறது. அழகைப் பார்த்துக் குதித்தவர்கள் சிலர் உயிரிழந்திருக்கிறார்கள். உறைநிலைக்குச் சில டிகிரி மட்டுமே மேலே இருக்கும் நீர் அது. உடல் மரத்துப்போக அதிக நேரம் ஆகாது.

நீருக்குள் நிற்கும் காடு

இன்னும் மேலே போனால் கூசா, சகாலி என்று இரட்டை அருவிகள். கூசா சுமார் 21 மீட்டர், சகாலி சுமார் 30 மீட்டர். பள்ளத்தாக்கில் வழிந்து உறைந்த குழம்பின் விளிம்பிலிருந்து ஆறு குதிக்கிறது. சகாலியின் முன்னால் நின்றால் பேச்சுக் குரல் கேட்காது. திவலை முகத்தில் அடிக்கிறது. அக்டோபரில், கோடை முழுக்க மழை காணாத ஒரு நிலத்தில், இத்தனை தண்ணீர். கூசாவின் பாறைச் சுவரில் கூர்ந்து பார்த்தால், அருவிக்குப் பக்கத்திலேயே பாறை இடுக்குகளிலிருந்தும் ஊற்று நீர் கசிவது தெரியும்.

ஆறு தொடங்கும் இடம் அதற்கு மேலே இருக்கும் கிளியர் ஏரி. சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் சாண்ட் மவுண்டன் என்ற கங்குக் கூம்பு வரிசையிலிருந்து வழிந்த குழம்பு, ஆற்றை மறித்தது. மேலே காடாக இருந்த பள்ளத்தாக்கில் தண்ணீர் ஏறியது. மரங்கள் நின்ற நிலையிலேயே மூழ்கின.

அவை இன்னும் நிற்கின்றன. துடுப்புப் படகில் போய் விளிம்பிலிருந்து எட்டிப்பார்த்தால், பத்து, இருபது மீட்டர் ஆழத்தில் அடிமரங்கள் செங்குத்தாக நிற்பது தெளிவாகத் தெரிகிறது. கிளைகள் போய்விட்டன, தண்டுகள் அழியவில்லை. ஏரிக்கு நீர் தரும் பெரிய ஊற்று, ஆண்டு முழுதும் 4, 5 டிகிரி செல்சியஸ் குளிரில் வந்துகொண்டே இருப்பதால், மரத்தை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மிக மந்தமாகவே வேலை செய்கின்றன. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு காட்டின்மேல் படகு மிதக்கிறது.

கோடைக்கும் குளிர்காலத்துக்கும் மாறாத அந்தக் குளிர்தான் அடுத்த தடயம். ஓடையாக ஓடி வந்த நீர் வெயிலில் சூடேறியிருக்கும். பருவமே தெரியாத நீர், பருவம் எட்டாத ஆழத்திலிருந்து வருகிறது.

அந்த நீர் உள்ளே எத்தனை காலம் இருந்தது என்பதையும் அளக்கலாம். மழைநீரில் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் மிக நுண்ணிய அளவில் இருக்கிறது. அது 12.3 ஆண்டுகளில் பாதியாகச் சிதைந்து ஹீலியமாகிறது. நீர் நிலத்துக்குள் போனபின் அந்த ஹீலியம் வெளியேற முடியாமல் நீரிலேயே தங்குகிறது. இரண்டின் விகிதத்தை அளந்தால் நீரின் வயது தெரியும். ஆன் ஜெஃபர்சன், கார்டன் கிராண்ட், டிம் ரோஸ் ஆகியோர் மெக்கன்ஸி ஊற்றுகளை இப்படி ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். அந்த நீர் மலைக்குள் சராசரியாக ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் பயணம் செய்திருந்தது.

நம் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. சகாலியில் அக்டோபர் மாதம் குதிக்கும் நீர், இந்த ஆண்டு மழையும் அல்ல, போன ஆண்டுப் பனியும் அல்ல. அதற்கும் பல குளிர்காலங்களுக்கு முன் முகட்டில் விழுந்த பனி. மெதுவாக உருகி, கறுப்புக் கற்களுக்குள் இறங்கி, இருட்டில் நடந்து, இன்று வெளியே வந்திருக்கிறது.

கல்லுக்கும் வயதாகும்

அப்படியென்றால் அதே மலையில் மற்ற ஓடைகள் ஏன் மெலிகின்றன? அவையும் எரிமலைப் பாறையில்தான் பிறக்கின்றன. வித்தியாசம் வயதில் இருக்கிறது. மேற்கே தாழ்வாக இருக்கும் பழைய கேஸ்கேட் மலைகள் பல லட்சம், கோடி ஆண்டுகள் பழையவை. காலப்போக்கில் பாறை சிதைந்து களிமண்ணாகி, துளைகளும் பிளவுகளும் அடைபட்டுவிட்டன. மழை பெய்தால் நீர் மேலாகவே ஓடி வெள்ளமாகிறது. மழை நின்றால் ஓடையும் வற்றுகிறது. கிழக்கே உயரத்தில் இருக்கும் இளம் எரிமலைப் பாறை அத்தனையையும் உள்ளே வாங்கி, ஆண்டு முழுவதும் அளந்து அளந்து விடுகிறது. ஓர் ஆற்றின் நீர்ப்பிடிப்பில் இளம் பாறை எவ்வளவு இருக்கிறதோ, அந்த அளவுக்குக் கோடையில் அதில் நீர் இருக்கும் என்று கிறிஸ்டினா டேக், கார்டன் கிராண்ட் இருவரும் 2004இல் காட்டினார்கள். பஞ்சுபோன்ற இளம் பாறை, ஓடைகள் வெட்டிய கிழட்டு மலையாக மாற ஏறத்தாழ பத்து லட்சம் ஆண்டுகள் ஆகின்றன.

இந்தச் சேமிப்பின் அளவு 2025 தொடக்கத்தில் வெளியான ஓர் ஆய்வில் தெரியவந்தது. ஒரிகன் பல்கலைக்கழகத்தின் லீஃப் கார்ல்ஸ்ட்ரோமும் அவருடைய குழுவினரும், துளைக்கிணறுகளின் வெப்ப அளவுகளைக் கொண்டு நீர் எவ்வளவு ஆழம்வரை ஓடுகிறது என்று கணித்தார்கள். ஒரிகனின் மத்திய கேஸ்கேட் மலைக்குள் குறைந்தது 81 கன கிலோமீட்டர் நீர் இருக்கிறது. நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் ஒரு கிலோமீட்டர் கொண்ட தொட்டிகளை அடுக்கினால், 81 தொட்டிகள் நிரம்பும்.

திரும்பும் வழி

கிளியர் ஏரியைத் தாண்டி, 1,468 மீட்டர் உயரமுள்ள சாண்டியாம் கணவாயில் ஏறும்போது காட்சி மாறுகிறது. வெள்ளெலும்புபோல நிற்கும் செத்த மரங்கள். அவற்றுக்குக் கீழே இளம் செடிகள். 2003இல் இங்கே எரிந்த பெருந்தீயின் மிச்சம் அது. 2020 செப்டம்பரில் மெக்கன்ஸி பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில் சுமார் 700 சதுர கிலோமீட்டர் காடு எரிந்தது. ஆற்றோர ஊர்கள் அழிந்தன. கோடை நீள்கிறது, காடு காய்கிறது, தீ பெருகுகிறது.

கணவாய் இறங்கினால் பிளாக் பியூட் என்ற கூம்பு மலை. அதன் அடிவாரத்தில், சாலையிலிருந்து சற்று விலகிப் போனால், மெட்டோலியஸ் ஆறு பிறக்கும் இடத்தைப் பார்க்கலாம். ஓடையாகத் தொடங்கி ஆறாக வளரும் வழக்கம் அதற்கு இல்லை. பாறைக்கு அடியிலிருந்து முழு ஆறாகவே வெளியே வருகிறது. மழை மறைவுப் பகுதியில் இருந்தும், மலைக்குள்ளிருந்து வரும் நீரால் வற்றாமல் ஓடுகிறது. அங்கிருந்து மஞ்சள் ஆஸ்பென் மரங்களையும் பொன்னிற லார்ச் மரங்களையும் தேடிக்கொண்டே சிஸ்டர்ஸ் வந்து சேரலாம்.

இவ்வளவு பெரிய சேமிப்பு இருக்கும்போது கவலை எதற்கு என்று தோன்றும். வங்கியில் இருக்கும் முதல் வேறு, மாதாமாதம் வரும் வட்டி வேறு. மலைக்குள் இருக்கும் 81 கன கிலோமீட்டர்தான் அந்த முதல். ஊற்றுகளில் வருவது, ஆண்டுதோறும் முகட்டில் விழும் பனி உள்ளே போவதால் வெளியே தள்ளப்படும் பங்கு. வெப்பம் ஏறும்போது பனி குறைகிறது. விழுவதில் ஒரு பகுதி மழையாகிவிடுகிறது; பனியாக விழுவதும் முன்கூட்டியே கரைந்துவிடுகிறது. கோடையில் ஊற்றுகளையே நம்பியிருக்கும் ஆறுகள், ஏற்கெனவே வற்றும் ஓடைகளைவிட அதிக நீரை இழக்கும் என்று டேக், கிராண்ட் இருவரின் பிந்தைய ஆய்வுகள் எச்சரிக்கின்றன. வற்றிய ஓடையிடம் இழக்க அதிகம் இல்லை. நிறைந்த ஆற்றிடம் இருக்கிறது.

மெக்கன்ஸியின் கீழ்முனையில் இருக்கும் யூஜீன் நகரம் குடிநீருக்கு இந்த ஆற்றையே நம்பியிருக்கிறது. வறண்ட மாதத்தில் அங்கே ஒருவர் குழாயைத் திறந்து ஒரு குவளை நீர் பிடித்தால், அதில் பெரும்பங்கு ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய பனி. இந்தக் குளிர்காலத்தில் முகட்டில் எவ்வளவு பனி விழுகிறதோ, அதன் கணக்கு இன்னும் ஏழு ஆண்டுகள் கழித்து அந்தக் குவளையில் தெரியும்.